பேரம் பேசும் புரோகிராம்!



2017ம் ஆண்டின் தொடக்கத்தில் உலகமெங்கும் பேசப்பட்ட ஒரு வேடிக்கையான செய்தி இது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டாலஸ் நகரம். அங்கே ஒரு வீட்டு வாசலில் பெரிய பார்சல் ஒன்று வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொம்மை வீடு! கூடவே கிட்டத்தட்ட 2 கிலோ பிஸ்கட்!

"யார் இதை ஆர்டர் செய்தது?" என்று அம்மாவுக்குக் குழப்பம். விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. அந்த வீட்டில் அமேசான் நிறுவனத்தின் 'எக்கோ' என்ற பேசும் ஸ்பீக்கர் இருந்தது. "அலெக்சா" என்று கூப்பிட்டால் அது பதில் சொல்லும். பாட்டுப் போடும். கடையில் பொருளும் வாங்கித் தரும். வீட்டின் 6 வயதுச் சுட்டிப் பெண், அதனிடம் பொம்மை வீட்டைப் பற்றியும் பிஸ்கட்டைப் பற்றியும் பேசியிருக்கிறாள். அதுவும் சமர்த்தாக வாங்கி அனுப்பிவிட்டது!

இன்னும் இருக்கிறது கேளுங்கள். சான் டியேகோ நகர டி.வி. ஒன்றில் இந்தச் செய்தியைச் சொன்னார்கள். சொல்லும்போது செய்தி வாசிப்பவர், "அலெக்சா, பொம்மை வீடு..." என்ற சொற்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! டி.வி. பார்த்துக் கொண்டிருந்த சில வீடுகளில் இருந்த ஸ்பீக்கர்கள், அதைத் தங்களுக்கு இட்ட கட்டளையாக எடுத்துக் கொண்டன. "எங்கள் வீட்டு அலெக்சாவும் பொம்மை வீடு வாங்கப் பார்த்தது!" என்று டி.வி. நிலையத்துக்குத் தகவல்கள் வந்தன.

டாலஸ் குடும்பத்தார் அந்தப் பொம்மை வீட்டைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். அது சரி, இதில் தப்பு யாருடையது? சிறுமியுடையதா? ஸ்பீக்கருடையதா? பதில் சொல்வதற்கு முன்னால், நமக்காகப் பொருள் வாங்கும், விற்கும், பேரமும் பேசும் புரோகிராம்களைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

துண்டுக்கு அடியில் ஒரு ரகசியம்

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. வாயைத் திறக்கவே மாட்டார்கள். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக் கொள்வார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதை வைத்தே விலை முடிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன விலை என்றே தெரியாது!

மாட்டின் சொந்தக்காரர் தரகரிடம் என்ன சொல்லி அனுப்புவார்? "இவ்வளவுக்குக் குறைந்து விற்காதே." அவ்வளவுதான். மீதியைத் தரகர் பார்த்துக் கொள்வார். இப்படி நமக்காக, நாம் சொன்ன எல்லைக்குள் வேலை செய்பவர்தான் ஏஜெண்ட்.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஓர் ஏஜெண்ட் இருந்தால்? நாம் தூங்கினாலும் அது தூங்காது. பள்ளிக்கூடத்தில் நாம் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும்போது, அது சந்தையில் நமக்காக விலை பேசிக் கொண்டிருக்கும்!

காஸ்பா என்ற சந்தை

இதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். 1996ம் ஆண்டு, அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வுக்கூடத்தில் ஆண்டனி சாவேஸ், பேட்டி மேஸ் என்ற இருவர், இன்டர்நெட்டில் ஒரு சந்தையை உருவாக்கினார்கள். அதற்கு 'காஸ்பா' என்று பெயர் வைத்தார்கள். வட ஆப்பிரிக்க நகரங்களில் உள்ள கோட்டையையும் அதை ஒட்டிய பழைய நகர்ப் பகுதியையும் குறிக்கும் சொல் அது.

இந்தச் சந்தையில் மனிதர்கள் பேரம் பேச மாட்டார்கள். விற்பவருக்கு ஓர் ஏஜெண்ட் புரோகிராம். வாங்குபவருக்கு ஓர் ஏஜெண்ட் புரோகிராம். இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்துக் கொள்ளும்.

விற்கும் ஏஜெண்டிடம் நீங்கள் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்:

1. என்ன விலைக்கு விற்க ஆசை?
2. எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது?
3. எத்தனை நாளுக்குள் விற்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஏஜெண்டின் குணத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவசரக்காரரா, நிதானக்காரரா, பேராசைக்காரரா?

சைக்கிள் விற்கலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுடைய பழைய சைக்கிளை விற்கப் போகிறீர்கள். ஆசைப்படும் விலை 2,000 ரூபாய். 1,400க்குக் கீழே கூடாது. 10 நாளுக்குள் விற்க வேண்டும்.

அவசரக்கார ஏஜெண்ட் ஒவ்வொரு நாளும் 60 ரூபாய் குறைத்துக் கொண்டே வரும். 1ம் நாள் முடிவில் 1,940. 2ம் நாள் முடிவில் 1,880. இப்படியே 10ம் நாள் 1,400க்கு வந்து நிற்கும்.

வாங்க வருகிறவரின் ஏஜெண்ட் 1,200 ரூபாயில் தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் 60 ரூபாய் கூட்டிக் கேட்கும். 1,800க்கு மேல் போகாது.

6ம் நாள்: வாங்கும் ஏஜெண்ட் 1,560க்குக் கேட்கிறது. உங்கள் ஏஜெண்ட் மனதில் 1,640. "முடியாது" என்கிறது.

7ம் நாள்: அது 1,620க்குக் கேட்கிறது. உங்கள் ஏஜெண்டின் விலை இப்போது 1,580. கேட்ட விலை அதைவிட அதிகம். "சரி" என்கிறது. சைக்கிள் 1,620 ரூபாய்க்கு விற்றுவிட்டது!

இதே இடத்தில் பேராசைக்கார ஏஜெண்ட் இருந்தால்? அது முதலில் விலையைக் குறைக்கவே குறைக்காது. 5ம் நாளிலும் 1,925ல்தான் நிற்கும். கடைசி நாட்களில் மளமளவென்று இறங்கும். கணக்குப்படி 9ம் நாள், 1,740 ரூபாய்க்கு விற்கும். 120 ரூபாய் கூடுதல் லாபம்! ஆனால் ஓர் ஆபத்து. அந்த இரண்டு நாளில், வாங்க வந்தவர் வேறு சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விடலாமே!

காஸ்பா ஏஜெண்டுகளிடம் ஒரு குறையும் இருந்தது. தனக்குக் கட்டுப்படியாகும் முதல் விலை வந்தவுடனே "சரி" என்றுவிடும். பக்கத்திலேயே இன்னொருவர் அதைவிட நல்ல விலை கொடுக்கக் காத்திருந்தாலும் பார்க்காது. நம் தரகர் அண்ணாச்சியாக இருந்தால், "கொஞ்சம் பொறுங்க, இன்னொருத்தர் வர்றார்" என்று சொல்லியிருப்பார். புரோகிராம், சொன்னதை மட்டும்தான் செய்யும்.

பட்டனில் இருந்து பேச்சுக்கு!

சரி, சந்தைக்கு ஏஜெண்டை அனுப்பியாயிற்று. நீங்கள் இருப்பது பஸ்சில். பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லை. திடீரென்று, "விலையை மாற்ற வேண்டும்" என்று தோன்றுகிறது. எப்படிச் சொல்வது? கையில் இருக்கும் போனில்தான்!

1999ல் வந்த நோக்கியா 7110 என்ற செல்போனில், 'வாப்' என்ற முறையில் இன்டர்நெட் பார்க்கலாம். ஆனால் அதன் திரையில் அகலவாட்டில் 96, உயரவாட்டில் 65 புள்ளிகள் மட்டுமே இருந்தன. ஒரு ஷாப்பிங் பக்கத்தை அதற்குள் அடக்குவது, கல்யாணப் பந்தலைத் தீப்பெட்டிக்குள் மடித்து வைப்பது போலத்தான்!

எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா? ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'வணக்கம்' என்பதில் நமக்கு 5 எழுத்து. எஸ்.எம்.எஸ். கணக்கில் 7!

பட்டனை அழுத்தலாமா? "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று போனில் ஒரு குரல் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் பட்டனை அழுத்தும்போது 'பீப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, உண்மையில் அது ஒரு சத்தம் இல்லை, இரண்டு! 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1,336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் ஒன்றாகப் போகும். மறுமுனையில் உள்ள கருவி அந்த ஜோடியைக் கேட்டு, "ஓ, இது ஐந்து" என்று கண்டுபிடிக்கும். கிட்டத்தட்ட துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பது போலத்தான்!

எல்லாவற்றையும்விட சுலபம், வாயால் சொல்வது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லலாம். கண் தெரியாதவரும் சொல்லலாம். கை நிறைய மாவு ஒட்டிக் கொண்டிருக்கும் அம்மாவும் சொல்லலாம். 2000ம் ஆண்டு மார்ச் மாதம், போனில் குரல் வழியாகவே இன்டர்நெட் சேவைகளைப் பெறுவதற்கான 'வாய்ஸ் எக்ஸ்.எம்.எல்.' என்ற கம்ப்யூட்டர் மொழியின் முதல் பதிப்பு வந்தது. 2014ல் அலெக்சா வந்தது. 2018 மே மாதத்தில் கூகுள் நிறுவனம் 'டூப்ளெக்ஸ்' என்ற ஏஜெண்டைக் காட்டியது. அது ஒரு முடி திருத்தும் நிலையத்துக்குத் தானே போன் செய்து, நடுவில் மனிதர் போலவே "ம்ம்" கொட்டி, நேரம் குறித்து வாங்கியது! எதிரில் பேசியவர் அதைக் கம்ப்யூட்டர் என்று நினைக்கவே இல்லை. "இது ஏமாற்று வேலை ஆகாதா?" என்று பலரும் கேட்டார்கள். அதன் பிறகு, பேசுவது இயந்திரம் என்பதை அது முதலிலேயே சொல்லிவிடும் என்று கூகுள் அறிவித்தது.

தொண்ணூறா? எண்ணூறா?

பேசுவது நமக்குச் சுலபம். கேட்பதுதான் இயந்திரத்துக்குக் கஷ்டம். நம் குரலை அது சின்னச் சின்ன ஒலித் துண்டுகளாக வெட்டும். எந்த ஒலி எந்தச் சொல்லாக இருக்கக் கூடும் என்று கணக்குப் போடும். அதாவது, அது செய்வது ஓர் ஊகம்தான். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம் சறுக்கும்.

சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு "தொண்ணூறு" என்று சொல்லுங்கள். அடுத்து "எண்ணூறு" என்று சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கமாகக் கேட்கிறது பாருங்கள்! ஆனால் ஒன்று 90, மற்றது 800. "இருநூறு", "அறுநூறு" இரண்டும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இதே பாடு படுத்தும்.

அதனால்தான் நல்ல குரல் ஏஜெண்ட், கேட்டதைத் திருப்பிச் சொல்லும். "எட்டு, பூஜ்யம், பூஜ்யம். எண்ணூறு ரூபாய். சரியா?" என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக் கேட்கும். நீங்கள் "சரி" என்ற பிறகுதான் அடுத்த வேலை.

யாருடைய ஏஜெண்ட்?

குரலில் இன்னொரு சங்கடமும் உண்டு. திரையில் 20 பேனாக்களை ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆனால் 20 பேனாக்களின் பெயரையும் விலையையும் ஒரு குரல் வாசித்தால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆகவே அது இரண்டு, மூன்றை மட்டுமே சொல்லும். எந்த மூன்று? விலை குறைவானதா? தரமானதா? கடைக்காரருக்கு லாபம் தருவதா? அதைத் தேர்ந்தெடுப்பது ஏஜெண்ட். அப்படியானால், அந்த ஏஜெண்ட் உங்கள் ஆளா, கடைக்காரர் ஆளா என்று கேட்டாக வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்வி பழையதுதான். 1995ல் 'பார்கெய்ன் ஃபைண்டர்' என்ற புரோகிராம் வந்தது. பாட்டு சி.டி. ஒன்றின் பெயரைச் சொன்னால், பல இன்டர்நெட் கடைகளுக்கும் போய் எங்கே விலை குறைவு என்று பார்த்துச் சொல்லும். வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம்! சில கடைகளோ, அந்தப் புரோகிராம் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திவிட்டன!

100 கோடி ரூபாய்க்கு ஒரு ஈ புத்தகம்!

இப்போது உண்மையான வேடிக்கைக்கு வருவோம். 'ஒரு ஈ உருவாகும் விதம்' பற்றிய ஆங்கில அறிவியல் புத்தகம் ஒன்று 1992ல் வெளிவந்தது. எழுதியவர் பீட்டர் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி. 2011 ஏப்ரலில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானி மைக்கேல் ஐசனின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவர், அந்தப் புத்தகத்தை அமேசான் இணையதளத்தில் தேடினார். இரண்டு கடைக்காரர்கள் புதுப் பிரதி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தவருக்கு மயக்கமே வந்திருக்கும். ஒன்று 17 லட்சம் டாலருக்கும் மேல். இன்னொன்று 21 லட்சம் டாலருக்கும் மேல்!

ஐசன் தினமும் விலையைக் கவனித்து வந்தார். விஷயம் புரிந்தது. இரண்டு கடைகளிலும் விலையை வைப்பது மனிதர்கள் அல்ல, புரோகிராம்கள். முதல் கடையின் புரோகிராமுக்குக் கட்டளை: "அடுத்த கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து வை." அது அடுத்த கடை விலையை 0.9983ஆல் பெருக்கியது. இரண்டாவது கடையின் புரோகிராமுக்குக் கட்டளை: "அடுத்த கடை விலையைவிட அதிகமாக வை." அது 1.270589ஆல் பெருக்கியது.

ஒரு சுற்று முடிந்தால் விலை சுமார் 27 சதவீதம் ஏறும். 100 ரூபாயில் தொடங்கினால், 10 சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். 20 சுற்றில் 11,000ஐத் தாண்டும். 30 சுற்றில் ஒரு லட்சத்தைத் தாண்டும்! கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

2011 ஏப்ரல் 18ம் தேதி, புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர் 93 சென்ட்! அன்றைய மதிப்பில் 100 கோடி ரூபாய்க்கும் மேல். தபால் செலவு 3 டாலர் 99 சென்ட் தனி! அதன் பிறகு யாரோ விழித்துக் கொண்டார்கள். விலை தடாலென்று 106 டாலருக்கு இறங்கியது.

இரண்டு புரோகிராம்களும் தப்பே செய்யவில்லை, கவனித்தீர்களா? சொன்னதை அப்படியே செய்தன. ஆனால் "இந்த விலைக்கு மேல் போகாதே" என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. தினமும் எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை.

கடைசி 'சரி' யாருடையது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தப்பு அந்தச் சிறுமியுடையதா? இல்லை. ஆசைப்பட்டதைச் சொல்வது குழந்தைகளின் வழக்கம்தானே! ஸ்பீக்கருடையதா? அதுவும் கேட்டதைத்தான் செய்தது. பேசுவது யார், உண்மையாகவே வாங்கச் சொல்கிறாரா என்று உறுதி செய்யும் ஒரு படி நடுவில் இல்லாததுதான் சிக்கல். பிறகு அந்த வீட்டில், ரகசிய எண் சொன்னால்தான் வாங்க முடியும்படி மாற்றி வைத்தார்கள்.

நம் நாட்டில், இன்டர்நெட் இல்லாத சாதாரண போனிலும் பணம் அனுப்ப, 2022 மார்ச் மாதம் ரிசர்வ் வங்கி 'யு.பி.ஐ. 123பே' என்ற முறையைத் தொடங்கி வைத்தது. ஓர் எண்ணுக்கு போன் செய்து, குரல் சொல்கிறபடி செய்து பணம் அனுப்பலாம். ஆனால் கடைசியில் ரகசிய 'பின்' எண்ணை நீங்களேதான் பட்டனில் அழுத்த வேண்டும். அதைப் போடாமல் பணம் நகராது. அந்த நான்கு அல்லது ஆறு பட்டன்கள்தான், "ஆமாம், நான்தான் சொல்கிறேன்" என்ற கடைசி 'சரி'. அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. போனில் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

உங்களுக்காக வேலை செய்ய வரும் எந்த ஏஜெண்டையும் அனுப்பும் முன்பு மூன்றைச் செய்யுங்கள். எல்லை சொல்லி அனுப்புங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி 'சரி'யை உங்கள் கையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் பேசும் ஸ்பீக்கரோ, பேசும் ஆப்போ இருந்தால், "வாங்குவதற்கு ரகசிய எண் போட்டு வைத்திருக்கிறோமா?" என்று இன்றைக்கே அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்.

விளையாடிப் பாருங்கள்!

நான்கு பேர் சேருங்கள். ஒருவர் விற்பவர், ஒருவர் வாங்குபவர், மற்ற இருவர் ஏஜெண்டுகள். விற்பவரும் வாங்குபவரும் தங்கள் ஏஜெண்டின் காதில் மட்டும் எல்லை விலையைச் சொல்ல வேண்டும். ஏஜெண்டுகள் எண்களையும், "சரி", "முடியாது" என்பதையும் தவிர எதுவும் பேசக் கூடாது. எத்தனை சுற்றில் பேரம் முடிகிறது என்று பாருங்கள். அடுத்த முறை துண்டைப் போட்டு மூடி, விரலால் பேரம் பேசுங்கள்!

மூளைக்கு வேலை: அதே சைக்கிளை நிதானக்கார ஏஜெண்ட் விற்கிறது. அதன் விலையைக் கண்டுபிடிக்க, நாளை அதே நாளால் பெருக்கி, பிறகு 6ஆல் பெருக்கி, 2,000ல் இருந்து கழியுங்கள். வாங்கும் ஏஜெண்ட் முன்பு போலவே 1,200ல் தொடங்கி, தினமும் 60 ரூபாய் கூட்டும். எந்த நாளில், என்ன விலைக்கு சைக்கிள் விற்கும்?

(விடை: 8ம் நாள், 1,680 ரூபாய். அன்று நிதானக்கார ஏஜெண்டின் விலை 1,616.)